தோசைக்கல் லாரிக்குப் போகவில்லை

சனிக்கிழமை இரவு, செமோர்.

தோசை ஒட்டாமல் வந்துவிட்டது.

கோழிக்கூண்டின்மேல் மழையில் கிடந்து துருவேறிய தோசைக்கல். புளித்தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்துத் துருவை எடுத்துவிட்டேன். ஆனால் நேற்று எண்ணெயை அதிகமாக ஊற்றிக் காய்ச்சியதில் பிசுபிசுத்துப்போய், தோசையெல்லாம் ஒட்டியது. கரும்பலகைக்குச் சாயம் பூசுவதுபோல மெல்லிதாகப் பூசியிருக்க வேண்டும். இன்று மறுபடியும் தேய்த்துக் கழுவி, பாதி வெங்காயத்தை எண்ணெயில் தொட்டுத் தொட்டுப் பூசினேன்.

அதற்குள் பழைய இரும்பு வாங்கும் லாரி வந்துவிட்டது. இன்றும் ஒட்டினால் கல்லைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்று மனைவி சரசு காலையிலேயே சொல்லியிருந்தாள். லாரிக்காரரை வாசலில் நிறுத்தினாள்.

“மெதுவா சுடுங்க சார். எனக்கும் பசிக்குதுலா,” என்றார் அவர்.

முதல் தோசை பிய்ந்தது.

“போதுங்க, குடுத்துருங்க,” என்றாள் சரசு.

இரண்டாவது ஊற்றினேன். ஓரம் தானாகவே எழும்பியது. லாரிக்காரர் நின்றபடியே தின்றார்.

“இதப் போயி பழைய இரும்புன்னு சொன்னீங்களே அக்கா.”

சரசு உள்ளே போய்த் தன் நான்ஸ்டிக் கல்லை எடுத்துவந்து லாரியில் போட்டாள்.

நாளைக் காலையில் மகள் குடும்பத்தோடு பசியாற வருகிறாள். வீட்டில் வேறு கல் இல்லை. மாவு இப்போதே பொங்கிவிட்டது.