முதலில் உட்காரட்டும்

பாவா,

உன் சாம்பார் வாளி இப்போது என் வீட்டுக் கூடத்தில் இருக்கிறது. காலையில் உன் சம்சாரம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். எத்தனை தரம் தேய்த்தாளோ, பெருங்காய வாசனை மட்டும் போகவில்லை. நாளை மறுநாள் ஆடிக் கிருத்திகை, மலையடியில் நீ வருசா வருசம் போடும் பந்தியில் இந்தத் தடவை நான்தான் நிற்க வேண்டுமாம். ஆங் என்று தலையாட்டிவிட்டேன்.

அதோடு விட்டாளா? இன்னொன்றும் சொன்னாள். "அவரு போயி வருசம் திரும்பாத வூடு, நான் மலையேறக் கூடாது. அவரு பண்ற அர்ச்சனைய நீங்கதான் பண்ணணும், அண்ணா. பேரு வந்து..." என்று ஆரம்பித்தாள். நான் பதறிப்போய், பேரை அப்புறம் கேட்டுக்கொள்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். நீ இப்படி ஓர் அர்ச்சனை செய்துவந்ததே எனக்குத் தெரியாது. ஆனால் யார் பேர் என்று அந்த நொடியிலேயே தெரிந்துவிட்டது.

நமக்குள் உறவுமுறை ஒன்றும் கிடையாது. ஆந்திரா பக்கத்திலேயே இருப்பதால், தெலுங்கில் மச்சானைக் கூப்பிடுகிற மாதிரி, பள்ளிக்கூடத்திலிருந்தே பாவா, பாவா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டோம். கடைசியில் ஒரே சரக்குக் கப்பலில் வந்து சேர்ந்தோம், நான் மேல்தளத்தில் மாலுமி, நீ சமையல்காரன். கடலையே பார்க்காத கப்பல்காரன் என்று உன்னைக் கேலி செய்வேன். "நீ பாத்துகினே இரு, பசிச்சா இங்கதான் வரணும்" என்பாய்.

அன்றைக்கு மத்தியதரைக் கடலில், மதியச் சாப்பாடு முடிந்த நேரம். இன்ஜின் நின்றுபோன ரப்பர் படகு ஒன்றில் ஜனங்கள் தத்தளிக்கிறார்கள் என்று தகவல் வந்து, கேப்டன் கப்பலைத் திருப்பினார். பிழைப்பு தேடி அக்கரைக்குப் போகக் கிளம்பியவர்கள். படகில் நூறு பேருக்கு மேல் இருப்பார்கள். ஒரு பக்கம் காற்று இறங்கி, தண்ணீர் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஏணி இறங்கும்வரை யாரும் எதையும் வீசக்கூடாது என்று கேப்டன் ஒலிபெருக்கியில் சொன்னார். அது எல்லாரையும் போல என் காதிலும் விழுந்தது.

கீழே ஒருத்தி குழந்தையை இரண்டு கையாலும் எனக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். எனக்குத் தாங்கவில்லை, பாவா. கையிலிருந்த உயிர்காப்பு அங்கியை வீசிவிட்டேன்.

எல்லாரும் ஒரே பக்கமாக எழுந்தார்கள். படகு அப்படியே சாய்ந்தது. முதலில் எட்டிப் பிடிக்கப் பார்த்தவர் மஞ்சள் சட்டை போட்ட ஒருவர், அவர்தான் விழுந்தார். மிதவை வளையத்தை வீசினேன், அவர் கைக்கு எட்டாமல் தள்ளி விழுந்தது. ஒரு தரம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அடுத்த அலைக்கு அப்புறம் அவரைக் காணவில்லை.

மற்றவர்கள் நின்றபடியே கத்திக்கொண்டிருந்தார்கள். இன்னும் கொஞ்சம் போனால் படகே கவிழ்ந்திருக்கும். நீ எப்போது மேலே வந்தாய் என்று தெரியாது. சமையல் ஏப்ரனுக்கு மேலேயே அங்கியைக் கட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினாய். அதன் அடியிலிருந்த அகலமான பலகையில், அலை இடுப்பை நனைக்க, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாய். உள்ளங்கையைக் கீழே காட்டி, "உக்காருங்க, உக்காருங்க" என்றாய். அவர்களுக்குத் தமிழ் எங்கே தெரியும்? ஒரு பெரியவர் உன்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் பக்கத்திலிருந்தவர், அப்புறம் படகு முழுக்க. குழந்தையை முதலில் வாங்கி, ஒவ்வொருவராக ஏற்றினோம். அதன் பிறகு கப்பல் வெகுநேரம் சுற்றிச் சுற்றித் தேடியது. மஞ்சள் சட்டைக்காரர் கிடைக்கவே இல்லை.

ஏறியவர்களை வரிசையாக உட்காரவைத்த பிறகுதான் கஞ்சிப் பாத்திரத்தின் மூடியைத் திறந்தாய். இதையெல்லாம் எங்கே கற்றாய் என்று கேட்டேன். "நம்ம மலையடியிலதான். மொதல்ல உக்காரட்டும், அப்புறம் மூடியத் தொற. நின்னுகினு இருக்கறவங்களுக்குச் சோத்தக் காட்னா ஒருத்தர் மேல ஒருத்தர் வுழுவாங்க" என்றாய். சொல்லி முடித்ததும் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கஞ்சி ஊற்றப் போய்விட்டாய்.

மஞ்சள் சட்டைக்காரர் பேரைக் கப்பலில் ஏறியவர்களிடம் நீ கேட்டு வைத்திருந்தாய். சொல்லட்டுமா என்றாய், வேண்டாம் என்றேன். ஊருக்கு வந்த பிறகும் கேட்டாய். கடைசியில் ஆஸ்பத்திரியில், "இப்பவாவது கேளுடா" என்றபோது, இட்லி சாப்பிட்டியா என்று பேச்சை மாற்றினேன். எவ்வளவு பெரிய கோழை நான்! ஆடிக் கிருத்திகைக்கு ஊரே மஞ்சள் துணியில் நிற்கும்போது, முட்டி வலி என்று சொல்லி வீட்டுக்குள்ளேயே கிடப்பேன். சரவணப் பொய்கைத் தெப்பத்தைக்கூட இன்றுவரை நின்று பார்த்ததில்லை. நாளை மறுநாள் என்ன செய்யப்போகிறேனோ, தெரியவில்லை.

இதுவரை எழுதி வைத்து ஐந்து நாளாகிறது. மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன்.

காவடி இறக்கியவர்கள் பசியோடு வந்து பந்தல் வாசலில் நெருக்கினார்கள். அத்தனை பேரும் மஞ்சள். பரிமாற வந்த ஒருவர் தெரியாமல் அண்டாவின் மூடியைத் திறந்துவிட்டார். வாசனை எழுந்ததுதான் தாமதம், வரிசை உடைந்தது, மூங்கில் தடுப்பு வளைந்தது. கூட்டத்துக்கு நடுவில் ஒருத்தி குழந்தையைத் தலைக்கு மேலே தூக்கினாள். ஓடிவிடலாம் என்றுகூடத் தோன்றியது, உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. வாளியைக் கீழே வைத்துவிட்டு, வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். உள்ளங்கையைக் காட்டி உக்காருங்க என்றேன். முதலில் சிரித்தார்கள். அப்புறம் உட்கார்ந்தார்கள்.

மூன்று பந்தி ஒழுங்காக நடந்தது. வாளியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது உன் சம்சாரத்திடம் பேரைக் கேட்டேன். இரண்டு தரம் சொல்லவைத்தேன். அர்ச்சனை உயிரோடு இருக்கிறவர்களுக்குத்தானே செய்வார்கள் என்று இழுத்தேன். "ஆமாண்ணா. பொணத்த யாரு பாத்தா, எந்தக் கரையில யார் தூக்கிவுட்டாங்களோன்னு சொல்வாரு" என்றாள்.

தெப்பமெல்லாம் முடிந்து கூட்டம் வடிந்த பிறகு, இன்று காலை படியேறினேன். குருக்கள் பேர் கேட்டார். மூசா என்றேன். நட்சத்திரம் கேட்டார், தெரியாதுங்க என்றேன். "அவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

"நான் அவசரப்பட்டதால எழுந்து நின்னவருங்க."

குருக்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு மூசா என்று சொல்லிப் பூவை எடுத்தார். இனி வருசா வருசம் அந்தப் பேரை நான் சொல்வேன். வேறு யாருக்காவது உண்டா என்று குருக்கள் கேட்டபோது வாய்வரைக்கும் வந்துவிட்டது. உன் பேரைத்தான் அங்கே சொல்ல முடியவில்லை, பாவா.