மரத்துப்போன வலது கால்

அன்புள்ள அண்ணா,

அக்டோபர் 17, வெள்ளி, காலை 10.20. நீ லாரி லோடு மேலிருந்து விழுந்து இன்றோடு பதினொரு நாள். நலம் விசாரித்துத்தான் தொடங்க வேண்டும். உன் நலம் நேற்றே தெரிந்துவிட்டது. அண்ணி போன் செய்தார். "வலது காலு அப்பப்ப மரத்துப் போகுது தம்பி, செருப்பு கழண்டு விழுந்தது கூட அவருக்குத் தெரியல" என்றார்.

என்னிடம் மட்டும் "சும்மா சதைப் பிடிப்புடா" என்கிறாய். திங்கட்கிழமை வண்டி எடுக்க வருகிறாயாம். இருபத்தைந்து டன் லோடு. எந்தக் காலால் பிரேக் மிதிப்பாய்?

அன்று தார்ப்பாய் கட்ட மேலே ஏறினாய். இடுப்பு பெல்ட் போடவில்லை. அதற்கு ஐந்து நிமிடம் ஆகும், கம்பெனி கேட்டில் வரிசையில் இடம் போய்விடும் என்று இங்கே ஒருத்தரும் போடுவதில்லை. இழுத்த கயிறு அறுந்து பத்தடியிலிருந்து மல்லாக்க விழுந்தாய். எழுந்ததும் முதுகைத் தடவவில்லை. யாராவது பார்த்தார்களா என்றுதான் சுற்றிப் பார்த்தாய். நான் பார்த்தேன். "எழுதிடாதடா, வண்டிய விட்டு எறக்கிடுவானுங்க" என்றாய். பாதுகாப்பு இன்ஜினியர் என்று சம்பளம் வாங்குகிற நான், பதிவேட்டில் 'காய்ச்சல், விடுப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மடத்தனம்.

டிரைவர்கள் எனக்கு வைத்த பெயர் தெரியுமே, ஹெல்மெட். டீக்கடைக்குப் போனால் "ஹெல்மெட் வருது, பீடிய அணைங்கடா" என்று எழுந்து போய்விடுகிறார்கள். முன்பு நீயாவது பக்கத்தில் உட்கார்ந்து அவர்களோடு சேர்ந்து சிரிப்பாய். நாம் தங்கியிருந்த அறையில் இன்னும் இரண்டு பேருக்குத்தான் சமைக்கிறேன். அளவு தெரியாமல் இல்லை.

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் வீட்டுப் பக்கம் லோடு ஏற்றிப் போகிற டிரைவர் மொட்டையிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். படித்தபின் நீயும் என்னோடு பேச மாட்டாய். யோசித்துவிட்டேன். செய்யப்போவது இவை:

1. இன்று மதியம் பதிவேட்டில் உள்ளதை அடித்துவிட்டு, நடந்ததை எழுதுவேன். நான் பொய் எழுதியதையும்.
2. டாக்டர் சீட்டு இல்லாமல் உனக்கு வண்டிச் சாவி தரக்கூடாது என்று மேனேஜரிடம் எழுதிக் கொடுப்பேன்.
3. உன் வைத்தியத்தைக் கம்பெனிதான் பார்க்க வேண்டும் என்று கேட்பேன். என் வேலை போனால் போகட்டும்.
4. நாளைக் காலை முதல் பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வருவேன். ஸ்கேன் எடுக்கப் போகலாம். வழியில் நீ ஒரு வார்த்தை பேச வேண்டாம். என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும்.

உன் தம்பி