குற்றமில்லை என்று சொல்லப் பழகிய கதை

எவ்வுயிர்க்கும் உள்ளிருந்து ஒளிசெய்யும் பரம்பொருளின் திருவடிகளை வணங்கி எழுதத் தொடங்குகிறேன்.

அருமை மகளுக்கு அம்மா ஆசியுடன் எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் அவருடைய முழங்கால் வலியும் சௌக்கியம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் வளரும் செல்வமும் குறைவின்றி இருக்க நாளும் வேண்டுகிறேன். தொலைபேசியில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் உன் அப்பா அதைப் பிடுங்கிக்கொண்டு அங்கே மழை பெய்கிறதா என்று கேட்கத் தொடங்கிவிடுகிறார். ஆகவே இந்நாட்டில் நான் குடியுரிமை கேட்டிருக்கும் விவகாரத்தை எழுத்தில்தான் முழுமையாகச் சொல்ல முடியும். உன் பிரசவத்துக்கு வந்து ஆறு மாதமாவது உடனிருக்க வேண்டும் என்பதுதானே நம் திட்டம். குடியுரிமை கைக்கு வருமுன் அவ்வளவு காலம் இந்நாட்டை விட்டு உன் ஊரில் தங்கினால், இத்தனை ஆண்டுகள் காத்திருந்தது வீணாகி முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பதால், காரியத்தை விரைவாக முடிக்க ஒரு வக்கீலை அமர்த்தினோம். தம் விண்ணப்பத்தைத் தாமே எழுதி வென்ற பெருமையில் இருக்கும் உன் அப்பா என்னிடம், உனக்கு மட்டும் வக்கீல் அவசியம், நீ பேச ஆரம்பித்தால் நிறுத்த ஓர் ஆள் வேண்டும் என்று அருளினார்.

வக்கீல் உன் வயதுப் பெண், நம் மொழி பேசுபவள். சலவைக் கடையின் மேல்மாடியில் அலுவலகம். இஸ்திரிப் பெட்டியின் ஆவி படியேறி வந்து அவளுடைய சட்டப் புத்தகங்களையெல்லாம் நெளிய வைத்திருக்கிறது. அதிகாரி கேட்கக்கூடியவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டு ஒத்திகை நடத்தினாள். பெயர், முகவரி, இந்நாட்டின் ஆறுகள் யாவும் தடையின்றி ஓடின. பிறகு, ஏதேனும் குற்றம் செய்து பிடிபடாமல் இருந்ததுண்டா என்றொரு கேள்வி வந்தது. சிறியேன், கடையேன், எண்ணில்லாத பிழை செய்தேன் என்று நினைவு தெரிந்த நாள்முதல் விடியலில் விளக்கின்முன் நின்று சொல்லிவருகிறவள் நான்; பழக்கம் அறிவை முந்திக்கொண்டது. எண்ணற்றவை என்றேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, என்னம்மா செஞ்சீங்க என்று மெல்லக் கேட்டாள். மனத்தாலும் வாக்காலும் செய்தவை என்றேன். தேதி சொல்ல முடியுமா என்றாள். நிலைமை விளங்கியதும், "அம்மா, சாமிகிட்ட சொல்றத சாமிகிட்டயே சொல்லுங்க. இந்த ஃபைல அவர் படிக்க மாட்டார். இங்க இல்லைன்னு ஒரு வார்த்தை போதும்" என்றாள். எனக்கு மனப்பாடமான பாடல்களைப் பாடிய அடியார்களில் ஒருவர்கூட இந்நாட்டின் குடிமகனாகியிருக்க முடியாது என்பது அப்போதுதான் விளங்கிற்று. உன் அப்பாவோ இதே கேள்விக்குக் கண் இமைக்காமல் இல்லை என்று சொல்லித் தேறியவர். அன்று நான் வெளியே நாற்காலியில் அமர்ந்திருந்தேன். மனைவியை அழைத்து விசாரிக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லாதது அவருடைய பாக்கியம்.

நேர்காணலன்று அதிகாரி ஜலதோஷத்தோடு வந்திருந்தார். மரியாதை தெரிந்த மனிதர். முதலில் கையை உயர்த்தி, உண்மையே பேசுவேன் என்று சத்தியம் செய்யச் சொன்னார்கள். சத்தியம் செய்த வாயால் இல்லை என்பது எனக்கு எளிதாக இருக்கவில்லை. நான் தயங்கிய இடைவெளியில் வக்கீலின் நாற்காலி கிறீச்சிட்டது. உங்கள் சட்டப்படி இல்லை என்றேன். வேறு சட்டம் உண்டா என்று அவர் தலைநிமிர்ந்தார். உண்டு, அங்கே வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது என்றேன். அவர் என்னைப் பார்த்தார், வக்கீலைப் பார்த்தார். வக்கீல் சுவரைப் பார்த்தாள். அதிகாரி மூக்கைத் துடைத்துக்கொண்டு இல்லை என்று குறித்துக்கொண்டார். வெளியே வந்ததும் அவள் படிக்கட்டிலேயே உட்கார்ந்து, உங்களுக்காக நானே சாமி கும்பிட ஆரம்பிச்சுட்டேன் என்றாள். ஓர் ஆன்மாவாவது நல்வழிப்பட்டது.

தேறிவிட்டேன் என்று தகவலும் வந்தது. உறுதிமொழி எடுத்தால்தான் நிறைவு; அதற்கு அவர்கள் குறித்திருப்பதோ உன் பிரசவத்துக்கு மருத்துவர் குறித்த அதே வாரம். உன் அப்பா, பிள்ளை முன்னே பின்னே பிறக்கும், அரசாங்கம் அப்படிச் செய்யாது என்கிறார். வேறு தேதி கேட்டு எழுதலாம், மறுக்கவும் கூடும், மறுத்தால் எல்லாம் முதலிலிருந்துதான் என்று வக்கீல் எச்சரித்தாள். எழுதச் சொல்லிவிட்டேன். நேற்று நீ, உறுதிமொழி எடுத்துட்டே வாம்மா, நான் பாத்துக்கிறேன் என்றாய். சிறுவயதில் ஊசி போட்டுக்கொள்ளப் போகும்போது பயமில்லை என்பாயே, அதே குரல். தொலைபேசியை வைத்த கையோடு பயணச்சீட்டு வாங்கிவிட்டேன். அரசாங்கத்தின் பதில் இன்னும் வரவில்லை. மறுத்தால் திரும்பி வந்து மறுபடி வரிசையில் நிற்கிறேன். உன் பிள்ளை பிறக்கும் நாளுக்கு மறுதேதி கேட்டு எந்த வக்கீலாலும் எழுத முடியாது.

வேலையிடத்தில் நெடுநேரம் நிற்காதே. தண்ணீர் நிறையக் குடி. விமான நிலையத்துக்கு நீ அலைய வேண்டாம், மாப்பிள்ளை வந்தால் போதும். நீயும் அவரும் வரப்போகும் செல்வமும் நோயற்ற வாழ்வும் நிறைந்த மனமும் பெற்று, உங்கள் இல்லம் என்றும் ஒளி குன்றாமல் விளங்க இறைவன் துணைநிற்பானாக.

உன்னைக் காணப் புறப்படும்
அம்மா