செகண்ட் கியரைப் பிடித்த கை

கவிநிலா இன்னும் எழுந்திருக்கவில்லை. மூலக்குளத்து வீட்டு வாசலில், கட்டிலும் அடுப்பும் வைத்துக் கட்டிய அவர்களுடைய பழைய வேன், மார்கழிப் பனியில் கரை ஒதுங்கிய படகு மாதிரி நின்றது. அவள் கணவன் மதிவாணன் நேற்றைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு எழுதினான்.

“கவி, வண்டிய சேதராப்பட்டு ஷெட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். நீ சொன்ன மாதிரி வேற கியர் பாக்ஸே மாட்டிடலாம். மெக்கானிக் தேவதாஸ் அண்ணன் ஓட்டுறாரு, நான் கியரப் புடிச்சிக்கிறேன். இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. கோவத்துல சாப்புடாம கெடக்காத.”

“நடுமலையில நின்னுட்டா யாரு தள்றது? கஞ்சன்!” என்று ராத்திரி, பழைய பாக்ஸே போதும் என்ற அவனிடம் அவள் கத்தியிருந்தாள்.

செகண்ட் கியர் போட்டால் தானாகக் கழன்றுகொள்ளும் வண்டி அது. மலையேறும்போதெல்லாம் அவள் ஓட்டுவாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து கியர் ராடை அழுத்திப் பிடித்திருப்பான். கியர் மாற்ற அவள் கை வந்து அவன் கைமேல் படியும். கண்ணாடிக்கு வெளியே மேகம் சூழ்ந்து, ரோடும் மரமும் கரைந்துபோய், உலகத்தில் அந்தக் கையின் சூடு மட்டும் மிச்சமிருக்கும்.

வாசலில் தேவதாஸ் ஹாரன் அடித்தார். மதிவாணன் தாளின் அடியில், தேதி அச்சு தெரிந்த ஓரத்தில், நெருக்கி எழுதினான்.

“புது பாக்ஸ்ல கியர் கழலாது. ஆனா மல ஏறும்போது நான் கைய அங்கதான் வெப்பேன். எடுன்னு சொல்லாத.”