வி.ஏ.ஓ.விடம் நான் அளந்த நெல்

கோபம் வந்தால் மூன்று நாள் முகம் பார்க்காத என் தங்கச்சி பாக்கியத்துக்கு,

ஒருத்தரும் நம்பமாட்டாத கதை ஒன்று சொல்கிறேன். கண்மாய்க்கரை அய்யனார் மேல் ஆணை. போன மாதம் உன் அண்ணனுக்கு முதியோர் உதவித்தொகை கொடுக்க அரசாங்கமே ஏழு ஜீப்பில் வந்தது. ஆர்.எஸ்.மங்கலம் பஸ்ஸெல்லாம் ஒதுங்கி நின்றன. பெரிய அதிகாரி ஒருவர் என் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு, "அய்யா, நீங்க வாங்கலைன்னா கஜானாவை இழுத்து மூடிருவோம்" என்று அழுதார். போனால் போகிறதென்று சம்மதித்தேன்.

நீ சிரிக்கமாட்டாய். தெரியும்.

உன் வீட்டுக்காரர் இறந்ததும் விதவை உதவித்தொகைக்கு எழுதிப்போட்டாய். விசாரிக்க வந்த வி.ஏ.ஓ., டீக்கடையில் பத்துப் பேர் பார்க்க, "பாக்கியத்துக்கு ஆதரவு யாரும் இருக்காங்களா?" என்று என்னிடம் கேட்டார். கூடப் பிறந்தவன் குத்துக்கல்லாக இருக்கும்போது நீ ஆதரவற்றவளா?

"என்ன சார் கேள்வி? நான் இருக்கேன்ல. எங்க வீட்டு நெல்லத் தின்னுட்டு எலியெல்லாம் நடக்க முடியாமக் கெடக்கு" என்றேன். கடையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை, குனிந்து எழுதிக்கொண்டார். உன் மனு தள்ளுபடியானது.

"ஏண்ணே, அந்த எலி திங்கிற நெல்லுல எனக்கு ஒரு மரக்கா தாரியா?" என்று வந்து கேட்டாய். என்னிடம் இருந்தது குத்தகை வயல். அதுவும் அந்த வருஷம் தரிசு.

கரிமூட்டத்தில் கட்டை அடுக்கி எரிக்கும் வேலைக்குப் போனாய். கருவேலம் புகை உன் நெஞ்சில் குடியேறியது. மறுபடி எழுதிப்போடுவோம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஊர் என்ன சொல்லுமோ என்றிருந்தேன். உன் இருமலைக் கேட்டு ஊர் ஏதாவது சொன்னதா?

இப்போது அதே டீக்கடையில், "உனக்கு உதவித்தொகை ஏறிருச்சா, எனக்கு ஏறிருச்சு" என்று டிராக்டர் வைத்திருப்பவர்களே சத்தமாகப் பேசுகிறார்கள். அரசாங்கக் காசு வாங்க இருந்த அந்த வெட்கம் எப்போது ஊரைவிட்டுப் போனது பாக்கியம்? நீ இருக்கும்போதே போயிருக்கக் கூடாதா?

உன் மகள் செல்வியைப் புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான். அவளும் எழுதிப்போட்டிருக்கிறாள். விசாரிக்க வந்து, "தாய்மாமன் இருக்காரே?" என்று கேட்டால், "இருக்கேன் சார், ஒண்ணுக்கும் ஆகமாட்டேன்" என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்வேன். இது சத்தியம்.

ஜீப் எதுவும் வரவில்லை, தாயி. நான்தான் பஸ் ஏறிப்போய் வரிசையில் நின்றேன். "ஆதரவு யாரும் இருக்காங்களா?" என்று அதே கேள்வியைக் கேட்டார்கள். மேலே சொன்ன கதையில் அந்த அழுகை மட்டும் நிஜம். அழுதது அதிகாரி இல்லை.

உனக்கு ஆதரவு என்று எழுதப்பட்டவன்,
உன் அண்ணன்.