போலீஸ் பைக்கில் ஒரு சாரி கார்டு

அண்ணா,

உன் பைக்கின் இரண்டாவது சாவி எங்கள் அடுக்களையில், பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் தொங்குகிறது. இன்று மத்தியானம் அவனுக்குச் சோறு பிசைந்தபடி, அதைப் பார்த்துக்கொண்டே பஷீர் பாயுடன் போனில் பேசினேன். இங்கே வளைகுடாவில், முசஃபாவில் நீ வேலை பார்த்த கராஜின் முதலாளி அவர்; என்னை இப்போதும் பெஹன், தங்கச்சி, என்றுதான் கூப்பிடுகிறார். உன் வண்டியை விற்க அப்பா கையெழுத்துப் போட்ட காகிதங்கள் ஊரிலிருந்து வந்துவிட்டன. வண்டிக்கும் ஆள் வந்திருக்கிறது. எஞ்சின் பிடித்திருக்கிறதாம். நிறம் பிடித்திருக்கிறதாம். பின்சக்கரத்தில் சேலை சிக்காமலிருக்க நீ வைத்த சாரி கார்டை மட்டும் வெட்டித் தந்தால் இன்றைக்கே எடுத்துக்கொள்வாராம்.

"என்ன சொல்லட்டும், பெஹன்? வெட்டவா, வேண்டாமா?"

சாயங்காலம் சொல்கிறேன் என்றேன். அழுகை வரவில்லை. சோறு ஆறிப்போயிருந்தது. அதையே ஊட்டினேன்.

நீ போன பிறகு எனக்கு எல்லாமே இப்படித்தான் இருக்கிறது. பல்லுக்கு மரப்பு ஊசி போட்டபின் கன்னம் இருக்குமே, அப்படி. தொட்டால் தெரிகிறது, வலிக்கவில்லை.

ஏலத்தில் எடுத்து நீ அதைக் கொண்டுவந்த நாளில், முன்பு ஹைவேயில் போலீஸ் ரோந்து போன அந்தப் பெரிய வண்டியைப் பார்த்ததும் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"எதுக்குண்ணா இவ்ளோ பெரிய எமன்?"

"ஏட்டி, இது போலீஸ்காரன் ஓட்டுன வண்டி. இதைக் கண்டா விபத்தே சலாம் போட்டு ஒதுங்கும்."

போலீஸ் நிறத்தோடு அதை ரோட்டில் இறக்கக் கூடாது. விடுமுறை நாளெல்லாம் உட்கார்ந்து பெயிண்டைச் சுரண்டினாய். நம்மூர் ஆம்னி பஸ்ஸின் மெரூனை அடித்தாய். சைரனைக் கழற்றிய பிறகும் அதன் பொத்தானை மட்டும் மருமகனுக்காக விட்டுவைத்தாய். அவன் அமுக்குவான், நீ வாயால் ஊளையிடுவாய்.

போலீஸ் வண்டிக்கு ஒரே சீட்டு, பின்னால் வயர்லெஸ் பெட்டி. பெட்டியை எடுத்துவிட்டு அங்கே இன்னொரு சீட்டு வைத்தாய். கல்யாணம் ஆகாதவனுக்கு எதற்கு ரெண்டு சீட்டு என்று கராஜில் கேலி. தங்கச்சி உட்காருவாள் என்றாயாம். அப்புறம் கம்பிகளை வளைத்து நீயே சாரி கார்டு செய்து வெல்டிங் வைத்தாய். அப்படி ஒன்றைப் பார்த்தே இராத பஷீர் பாய், "என்னப்பா இது, கோழிக்கூண்டா?" என்று கேட்டார்.

"நான் சேலையே கட்டுறதில்லயேண்ணா."

"துப்பட்டா அதைவிட மோசம்ட்டி. பேசாம ஏறு."

வெள்ளிக்கிழமை, கராஜ்கள் எல்லாம் ஷட்டர் இறக்கிக் கிடந்த நேரம். பிள்ளையை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு ஏறினேன். துப்பட்டாவை இடுப்பில் முடிந்து, ஒரு கையால் சீட்டையும் மறு கையால் உன் சட்டையையும் பிடித்துக்கொண்டேன். மெல்ல, மெல்ல என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"இன்னும் மெல்லப் போனா சாய்ஞ்சிருவோம்ட்டி!"

தெருமுனை வரை போய்த் திரும்பினோம், அவ்வளவுதான். இறங்கியபோது எனக்குச் சிரிப்பு நிற்கவில்லை.

இருந்தும் பயம் போகவில்லை. நீ எங்கள் வீட்டிலிருந்து கிளம்பினால், ரூமுக்குப் போனதும் ஒரு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும் என்பது நம் ஏற்பாடு. ஒரு ரிங். அது வரும்வரை நான் படுக்கமாட்டேன். நீ கடைசியாக வந்துபோன அன்றைக்கும் அது வந்தது. லைட்டை அணைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் ரூம்காரர்கள் எழுப்பியிருக்கிறார்கள், நீ எழவில்லை. தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுவிட்டதாம். வண்டி கீழே, கீறல்கூட இல்லாமல் நின்றிருந்தது.

சாயங்காலம் பஷீர் பாயைக் கூப்பிட்டேன்.

"பின்னால யாரு உட்காருவாங்க, பாய்?"

"அவரோட சம்சாரம். பேன்ட் போடுறவங்க."

"அப்ப வெட்டிருங்க. கம்பியை எனக்குக் குடுத்துவிடுங்க. அந்த ஆளு வீட்டுக்குப் போனதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுக்கச் சொல்லுங்க."

"தெரியாத ஆளாச்சே, பெஹன்."

"பரவால்ல, பாய்."

"அச்சா, சரி. நான் சொல்றேன்" என்றார்.

வீட்டுக்காரர் போய் அந்தச் சாவியைக் கொடுத்துவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய கம்பியை வாங்கி வந்தார். வெட்டிய முனைகளில் மெரூன் கருகியிருக்கிறது. பிரித்ததும் கராஜ் வாசம். பால்கனிக் கிராதியில் பிள்ளையின் தலை நுழைகிற இடைவெளி ஒன்று உண்டு. அதைச் சரிசெய்து தருகிறேன் என்று சொல்லியிருந்தாய். அங்கே வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். சரியாகப் பொருந்தவில்லை, ஆனால் தலை நுழையாது.

பிள்ளை தூங்கிய பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு இதை எழுத உட்கார்ந்தேன். இப்போதுதான், ஒரு ரிங் வந்து நின்றது. புது நம்பர்.

அந்த ஒரு ரிங் எதையும் காப்பாற்றாது என்று இப்போது எனக்குத் தெரியும், அண்ணா. இருந்தாலும் காலையில் இவர் டியூட்டிக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று சொல்வேன்: போனதும் ஒரு மிஸ்டு கால் குடுங்க.