மாமா கடை வாசலில் ஒரு சிக்னல்

அன்பு மகள் நித்யஸ்ரீக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே உடம்புக்கு ஒன்றும் குறைவில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் ஆரம்பித்தால் அழுதுவிடுவேன், நீயும் அங்கே வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வாய், அதனால்தான் எழுதி அப்பாவை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன். நேற்று பூராவும் படுத்தேதான் கிடந்தேன். காய்ச்சல் எல்லாம் இல்லை, அசதிதான், பயப்படாதே.

நம் கடைவீதிக்குள் போகிற நெடுஞ்சாலையைச் சரிசெய்யப் போவதாகச் சொன்னேன் அல்லவா, அதில் வந்த வினைதான். மேம்பாலம் இப்போதைக்கு வராதாம், ஊரைச் சுற்றிப் போகிற ரோட்டுக்கு நிலம் எடுக்கவே பல வருஷம் ஆகுமாம். அதனால் இருக்கிற ரோட்டிலேயே நடுவில் மீடியன், இரண்டு பக்கமும் நடைபாதை, பஸ் நிற்கத் தனி இடம், ஜனங்கள் தாண்டுவதற்கு ஒரு சிக்னல் என்று நெடுஞ்சாலைத்துறைக்காரர்கள் பிளான் போட்டுக்கொண்டு வந்தார்கள். சிக்னல் வருவது என் வார்டில். உன் மகுடேஸ்வரன் மாமாவின் பேக்கரி வாசலில் ஒரு இடம், நன்றாகத் தள்ளி பெட்ரோல் பங்க் பக்கம் இன்னொரு இடம், இரண்டில் எது என்று நகராட்சியே சொல்லட்டும் என்றார்கள். அந்த வார்டு கவுன்சிலர் சொல்வதுதான் முடிவு என்று சேர்மன் என் தலையில் கட்டிவிட்டார்.

சிக்னல் வந்தால் கடை முன்னால் வண்டி நிறுத்த முடியாது. மாமாவுக்கு வியாபாரமே உடுமலைப் பக்கம் போகிற லாரிக்காரர்களும் கார்க்காரர்களும் நிறுத்தி டீ குடிப்பதில்தான் ஓடுகிறது. ஆனால் பனியன் கம்பெனிகளில் இருந்து வருகிற சந்து அந்த வாசலில்தான் வந்து முடிகிறது, சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் பெண்கள் எல்லாம் அங்கேதான் ரோட்டைத் தாண்டுவார்கள். எதிர்ப்பக்கம் லைன் வீட்டில் மயிலாள் என்று ஒருத்தி இருக்கிறாள், கம்பெனியில் பனியன் செக்கிங் வேலை பார்க்கிறவள். ஆடி மாசம் அவளை அங்கே ஒரு வேன் இடித்துத் தள்ளிவிட்டது. முதலில் ஓடிப்போய்த் தூக்கினது உன் மாமாதான், தன் காரிலேயே போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், சீட்டெல்லாம் ரத்தம். மாமா கெட்டவர் இல்லை கண்ணு, அதை நீ மனசில் வைத்துக்கொண்டு மேலே படி.

இடத்தை முடிவு பண்ணுகிற கூட்டத்துக்கு முந்தின நாள் காலையில் மாமா நம் வீட்டுக்கு வந்தார். அப்பா கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டே, அம்மிணி, இத்தன வருசத்துல உன்றகிட்ட நான் ஒண்ணும் கேட்டதில்ல, பங்க்குகிட்டப் போடச் சொல்லிரு, ஒரே வார்த்தைதான் என்றார். காபி ஆறுதுங்கண்ணா, குடிங்க என்று மட்டும் சொன்னேன். அவர் அதையே சரி என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் கல்யாண மண்டபத்தில் கூட்டம், கடைக்காரர்கள் ஒரு பக்கம், கம்பெனிப் பெண்கள் ஒரு பக்கம். மாமா எழுந்து, ஏனுங்க, பங்க் வரைக்கும் நாலு எட்டு வெச்சா ஆகாதுங்களா என்று மரியாதையாகத்தான் கேட்டார். மயிலாள் கம்பை ஊன்றி எழுந்து, நீங்க என்னைத் தூக்குன புண்ணியத்த மறக்கலீங்க, ஆனா நாள் பூரா நின்னுட்டு வர்ற காலுங்க இது, கிட்ட இருக்கிற எடத்துலதான் தாண்டுமுங்க, நீங்க தள்ளிப் போட்டா மீடியன் மேல ஏறிக் குதிப்போமுங்க, அப்புறம் யாரு தூக்கறதுங்க என்றாள். மண்டபமே என்னைப் பார்த்தது. பேக்கரி முன்னாலேயே போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். மாமா என் பக்கத்தில் வந்து, சரிங்க கவுன்சிலரம்மா, உங்க புள்ள நிச்சயத்துக்கு சீர்த்தட்டு எடுக்க வேற யாரையாச்சும் பாத்துக்குங்க என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அவர் வாயிலிருந்து கவுன்சிலரம்மா என்று வந்ததுதான் இன்னும் காதில் நிற்கிறது.

வேலையும் முடிந்து சிக்னல் வந்துவிட்டது. மாமா சொன்ன மாதிரியே வியாபாரம் இறங்கிவிட்டது, டீ மாஸ்டர் ஒருவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டாராம். ஒருநாள் கடைக்குப் போனேன், என்னங்க வேணும் என்று வாடிக்கைக்காரியிடம் கேட்பது போலக் கேட்டார், பன் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். லைன் வீட்டுப் பக்கமும் யாரும் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடவில்லை, தண்ணீர் வரவில்லை என்று அவர்களும் சண்டைக்குத்தான் வருகிறார்கள். யாருக்கு நல்லது செய்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

முந்தாநாள் சாயங்காலம் சிக்னல் எப்படி ஓடுகிறது என்று பார்க்க எதிர்ப்பக்கம் போய் நின்றேன். சிவப்பு விழுந்தும் டூவீலர்காரர்கள் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தார்கள், பெண்கள் இறங்கப் பயந்து ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஓரத்தில் ஒண்டி நின்றார்கள். அப்போது மாமா கல்லாவை விட்டு இறங்கி, தோளில் துண்டோடு நடுரோட்டுக்கு வந்து இரண்டு கையையும் விரித்து நின்றுகொண்டார். செவப்பு கண்ணுக்குத் தெரியலீங்களா, ஊட்டுல உங்களுக்கெல்லாம் அக்கா தங்கச்சி இல்லீங்களா என்று போட்ட சத்தத்தில் அத்தனை வண்டியும் நின்றுவிட்டது. வாங்க சாமி, வாங்க என்று கடைசிப் பெண் தாண்டும் வரைக்கும் நின்றிருந்துவிட்டுக் கடைக்குள் போனார். என்னைப் பார்த்தார், பார்க்காத மாதிரிப் போய்விட்டார். தினமும் அப்படித்தான் வந்து நிற்கிறார் என்று மயிலாள் சொன்னாள். வீட்டுக்கு வந்து படுத்தவள்தான்.

உன் நிச்சயத்துக்கு நான் கூப்பிட்டால் மாமா வரமாட்டார். நீயே போன் பண்ணு. சிக்னல் பேச்சை எடுக்காதே, அம்மாவுக்காக மன்னிப்பும் கேட்காதே, நான் செய்தது தப்பில்லை, அவர் கோபமும் தப்பில்லை. மாமா, நீங்க வந்து நிக்கோணும் என்று மட்டும் சொல். வந்தால் சந்தோஷம், வராவிட்டால் அவருக்கென்று ஒரு நாற்காலி போட்டுவிட்டு நிச்சயத்தை நடத்துவோம், வேறு யார் கையிலும் நான் சீர்த்தட்டைக் கொடுக்கமாட்டேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடு, தலைக்குத் துணி கட்டாமல் வெளியே போகாதே. நீ எடுக்கிற காரியமெல்லாம் நல்லபடியாக முடியட்டும். டிக்கெட் போட்டதும் அப்பாவுக்குச் சொல். மாமாவுக்குப் போன் பண்ண மறந்துவிடாதே.

உன் அம்மா,
இந்துமதி